ஓங்கில்கள் ஒதுங்கிய கரை

போர்நிறுத்தம் வந்த சமாதான காலத்தில் நான் மல்லாவியில் மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளனாக இருந்தேன். மாட்டையும் ஆட்டையும் பிடித்துக் கொடுத்துப் பழகியவன். ஒருநாள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஆள் வந்து, ஐந்து ஓங்கில்கள், டொல்பின்கள், கரையொதுங்கிக் கிடப்பதாகச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு செத்திருந்தன. ஐந்தாவது, வலிப்பு வந்த பிள்ளையைப் போல வெட்டி வெட்டி இழுத்து, எங்கள் கண்முன்னாலேயே அடங்கியது. வெடிக்காயம் இல்லை, வலை அறுத்த தடமும் இல்லை. யாரோ கடலில் நஞ்சு கலந்திருக்கிறார்கள் என்று கரை முழுக்கக் கதை. அந்த யாரோ யாரென்பதும் முடிவாகியிருந்தது. போர்க்காலத்தில் தன் சமூகத்தோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு அண்மையில் திரும்பி, கருவாடு போடத் தொடங்கியிருந்த முஸ்லிம் வியாபாரி.

முதல்நாள் அவர் நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்றைக் கடலில் கவிழ்த்ததைச் சிலர் கண்டிருந்தார்கள். மீன் ஊறிய உப்புத்தண்ணீர்தான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பரலை என்னிடம் மணந்து பார்க்கத் தந்தார்கள். உப்பும் மீனும்தான் மணத்தன. ஆனால் இத்தனை பேர் சும்மாவா சொல்வார்கள் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

"ஏதோ மருந்து மணமும் இருக்கிற மாதிரித்தான் கிடக்கு" என்றேன்.

வியாபாரி என்னைப் பார்த்தார். பிறகு பரலைத் தூக்கிக்கொண்டு தன் ஓலை வாடிக்கு நடந்தார்.

வைத்தியர் ஓர் ஓங்கிலை வெட்டினார். இரைப்பை நிறையச் சூடை மீன். அதில் கொஞ்சத்தை ஐஸ் பெட்டியில் தெற்கே அரசாங்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். வழியில் போராளிகளின் சாவடியிலும் இராணுவத்தின் சாவடியிலும் பெட்டியைத் திறந்து கிளறினார்களாம்.

பதில் வர இரண்டு மாதமாயிற்று. கடலில் தானாகப் பெருகும் ஒரு நுண்பாசியின் நஞ்சு. பாசியைச் சூடை தின்ன, சூடையை ஓங்கில் தின்றிருக்கிறது. மனிதர் எவரும் எதையும் கலக்கவில்லை.

அதற்குள் வியாபாரிக்கு மீன் கொடுக்க ஆளில்லாமல் போய், அவர் வவுனியாவுக்குப் பெயர்ந்துவிட்டார். கடிதத்தோடு தேடிப் போனேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"இதை எனக்கேன் காட்டுறியள், தம்பி? நான் கலக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும்தானே. கரையில கொண்டுபோய்க் காட்டுங்கோ."

காட்டினேன். படகுகளும் வலைகளும் வைத்திருந்த சம்மாட்டியார் கடிதத்தின் முத்திரையைத்தான் முதலில் பார்த்தார். தெற்கிலிருந்து வந்த கடிதத்தை நம்பச் சொல்கிறேனா என்று கேட்டார். அன்று மருந்து மணக்கவேயில்லை, நான்தான் இல்லாததைச் சொன்னேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"அண்டைக்குப் பொய் சொன்னனீர். இண்டைக்குச் சொல்லுறதை எப்பிடி நம்புறது?"

கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். சில நாட்களில், அந்த வியாபாரியிடம் நான் ஏதோ காசு வாங்கிவிட்டேன் என்ற கதை மல்லாவிவரை வந்தது. வைத்தியர்கூட ஒருமுறை கேட்டார், மெதுவாக. வியாபாரி திரும்பி வரவில்லை. அவருடைய வாடியைப் பிரித்துத் தடிகளை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.