மூட்டுவலிக்காரர்களின் கொட்டகை

இன்று காலை மருமகள் காய்ச்சிய எண்ணெயின் வாசனை அறைக்குள் வந்ததும், யாருக்காக, எதற்காக என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. இதே வாசனை வீசிய எண்ணெய் தேய்ப்புக் கொட்டகை ஒன்று குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் இருந்தது; இப்போது அங்கே லாட்ஜுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். சாரல் காலத்தில் அப்பா என் சித்தப்பாவை இலஞ்சியிலிருந்து அங்கே கூட்டிப் போவார், நானும் போவேன். ஓலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய் ஊறிய ஏழு பலகைகளும் கறுத்து வழுக்கும், உட்கார்ந்திருப்பவர்களின் உச்சந்தலையில் எண்ணெய்க்காரரின் உள்ளங்கை பொத்துப் பொத்தென்று விழும். சித்தப்பாவுக்கு என்ன என்று கேட்டால் மூட்டுவலி என்பார் அப்பா. பக்கத்துப் பலகைக்காரருக்கும் மூட்டுவலிதான். ஏழு பேருக்கும் மூட்டுவலி, ஆனால் ஒருவர் முழங்காலிலும் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

“ஏலே, வாய மூடு. ஒங்க அக்காவுக்கு மாப்பிள்ள பாக்கணும்லா!”

சித்தப்பா மனசு சரியில்லாமல், உறங்காமல் விடிய விடிய வீட்டு உத்தரத்தைப் பார்த்துக் கிடப்பது எனக்குத் தெரியும். எண்ணெய்க்காரருக்கும் தெரிந்திருக்கும். தலையைத் தேய்த்துக்கொண்டே, “அண்ணாச்சி, முட்டு எப்படி இருக்கு?” என்பார். “தேவல” என்பார் சித்தப்பா. கடைசிவரை வேறு எதையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மருமகள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். “மாமா, ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருக்கியளே. முட்டு வலிக்குதா?”

என்னை வேவு பார்த்திருக்கிறாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.

“முட்டு நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க அத்தை போனதுலருந்து உறக்கம் இல்ல. நாப்பத்தோரு நாளாச்சு.”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.