கரித்தண்ணீர் வந்த ஐப்பசி

மழை வருமா என்று இன்றும் யாராவது கேட்டால் நான் வானத்தை நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு முப்பது ஆடுகள். அடுத்து வந்த சித்திரையில் மலைப்புல் கம்பியாகக் காய்ந்து நின்றது. ஆடு வாய் வைக்காது. கோடை மழை வரும் நேரம் பார்த்து அந்தப் புல்லுக்குத் தீ வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழை தீயை அணைக்கும், நாலைந்து நாளில் இளம்புல் முளைக்கும். ஃபாரஸ்ட்காரர்கள் திட்டுவார்கள், அது வேறு விஷயம்.

வானம் பார்த்துச் சொல்வதில் எனக்கு நல்ல பேர். அந்தப் பெருமை தலைக்கும் ஏறியிருந்தது. மேற்கே மேகம் கறுத்த அன்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏம்புள்ள, மழ வருமா?"

"பொழுது சாயறதுக்குள்ள வந்துருமுங்க."

அவர் போய்த் தீ வைத்தார். காற்றுதான் வந்தது. ஒரு சொட்டு விழவில்லை. மூன்று நாள் மலை எரிந்தது. பள்ளத்து ஓடைக்கரையில் குடியிருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடிவந்து தீயை அடித்தார். கை வெந்துபோனது. அவர் மனைவி எங்களுக்கும் சேர்த்து மோர் கொண்டுவந்தாள். எப்படியோ பற்றிக்கொண்டது என்று சொல்லிவைத்தோம். இருவரும் நம்பினார்கள்.

கோடை மழை அந்த வருடம் வரவே இல்லை. மலை மொட்டையாகக் கிடந்தது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. முதலில் நனைந்த சாம்பல் வாடை வந்தது. பிறகு பள்ளத்தில் கல்லும் கரிக்கட்டையுமாகக் கறுப்பு வெள்ளம் இறங்கியது. மாட்டை அவிழ்க்கப் போன அந்த அண்ணனின் மனைவியை அது கொண்டுபோய்விட்டது.

ஊரே மழையைத் திட்டியது. எல்லாம் முடிந்தபின் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, வானம் பாக்கறவுங்க நீங்க. இப்பிடியொரு மழைய முன்ன பாத்திருக்கறீங்களா?"

பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய மழையெல்லாம் பெய்திருக்கிறது. அப்போது மலையில் புல் இருந்தது. பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததில்லை. அவர் கையில் தீத்தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"இல்லீங்கண்ணா, பாத்ததே இல்லீங்க."

நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அழுவாதீங்க அம்மணி, நம்ம கையில என்னங்க இருக்குது" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.