எதிர் பிளாட்பாரத்தில் நின்றது நான்தான்

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். பதினைந்து வருஷமாகப் பழவங்காடியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். வருகிறவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிவிட்டது, எதையும் லேசில் நம்ப மாட்டேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

சாயங்காலம் தம்பானூர் ஸ்டேஷனில் நாகர்கோவில் பாசஞ்சருக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு செட். நான், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் லீலா, ஹோட்டலில் பாத்திரம் கழுவும் மினி. மினி சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லேடீஸ் பெட்டியில் யார் முதலில் ஏறுகிறாளோ அவள் மற்றவர்களின் பைகளை ஜன்னல் வழியாக வாங்கி சீட்டில் போட்டு இடம் பிடிப்பாள். அன்றைக்கு அப்படி வாங்கியது மினி. குழித்துறை வரும்போது பார்த்தால் லீலாவின் பையிலிருந்த பொட்டலத்தைக் காணவில்லை. அறுந்துபோன மகளின் தங்கச் சங்கிலியை அன்றுதான் பற்றவைத்து வாங்கி வந்திருந்தாள்.

மினிதான் எடுத்தாள் என்று முதலில் சொன்னது நான். பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவள் தன் பையைக் கீழே கவிழ்த்துக் காட்டி அழுதாள்.

"போலீஸுக்குப் போனா என் வேலை போயிரும் எக்கா."

போகட்டும் என்றுதான் நினைத்தேன், எனக்கு மனசு இளகவே இல்லை. லீலாதான் ஒரு வாரம் பொறுத்துப் புகார் கொடுக்கலாம் என்றாள்.

அந்த வாரம் முடிய ஒரு நாள் இருந்தபோது, நான் இல்லையென்றால் இவள் மறுபடியும் கை வைப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கு லீவு என்று லீலாவிடம் சொல்லிவிட்டு எதிர் பிளாட்பாரத்தில் ஒரு தூண் மறைவில் போய் நின்றேன். இருட்டு ஒன்றும் இல்லை, நல்ல வெயில். கொல்லம் வண்டி வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது, அப்புறம்தான் எங்கள் வண்டி நன்றாகத் தெரிந்தது. ஜன்னலோரம் மினி, பக்கத்தில் லீலா. மினிக்கு எதிர் சீட்டில் நான்.

நான் அன்று கட்டியிருந்த அதே மஞ்சள் புடவை. யாரோ என் ஜாடையில் இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். லீலாவுக்கு போன் போட்டேன். அவள் போனைப் பார்த்தாள், சிரித்தாள், எதிரில் இருந்தவளிடம் திருப்பிக் காட்டிவிட்டுக் கட் பண்ணினாள்.

அப்போது அது திரும்பி நேராக என் தூணைப் பார்த்தது. மடியிலிருந்த பையின் அடி அட்டையைத் தூக்கிப் பொட்டலத்தை எடுத்தது, பிரித்தது, சங்கிலியை இரண்டு விரலால் தூக்கி எனக்குக் காட்டியது. எதிரில் இருந்த லீலா அதைக் கவனிக்கவே இல்லை. என் கை தானாக என் தோள்பைக்குள் போனது. அடி அட்டைக்குக் கீழே பொட்டலம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

பைகளைக் குவித்துப் போட்டபோது தவறி விழுந்திருக்கலாம். ஆனால் அட்டைக்குக் கீழே எப்படிப் போகும்? சத்தியமாக நான் எடுக்கவில்லை. நீங்கள் இப்போது பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது.

மறுநாள் பெட்டியில் எல்லோர் முன்னாலும் சங்கிலியைக் கொடுத்து மினியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எடி, இதை நேத்து இங்கே இருந்தப்பவே தந்திருக்கலாமல்லோ?" என்றாள் லீலா. "லீவுன்னு சொல்லிட்டு வந்து எதிர்ல இருந்துகிட்டே போன் போட்டு விளையாடினே."

நேற்று நான் வரவே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. குழித்துறையில் இறங்கியதும் மினி என் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோனாள்.

"எக்கா, நேத்து எதிர் பிளாட்பாரத்துல நீங்க நின்னதை நான் பார்த்தேன்."

"அப்போ உன் முன்னால இருந்தது ஆரு?"

"தெரியாது எக்கா. அது ஜன்னல் வழியா உங்களை விரல் நீட்டிக் காட்டிச்சு. அவளை நம்பாதேன்னு சொல்லிச்சு. உங்க குரல்தான்."

இப்போதும் நாங்கள் ஒன்றாகத்தான் போகிறோம். மினி என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் நான் ஏறி வந்து உட்கார்ந்ததும், பேசுவதற்கு முன்னால், ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். எதற்கு என்று இதுவரை நான் கேட்கவில்லை.