ஏழாவது வார்டு வானதி

வானதிக்கு அரசியல் ஆசை இருந்ததாக எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. பூதலூர்ப் பக்கம் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பேரூராட்சி எங்களுடையது. அதில் ஏழாவது வார்டு கவுன்சிலராக வேண்டுமென்று வருஷக்கணக்கில் அலைந்தவன் அவள் கணவன் ராஜ்குமார். நெல் அறுவடை மிஷின்களை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவன். சின்னச் சின்னக் கட்டட வேலைகளும் எடுப்பான். அந்த முறை வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சேதி தெரிந்த அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் மனைவியின் போட்டோவை எடுத்துக்கொண்டு கட்சி ஆபீசுக்குப் போய்விட்டான்.

"எனக்கு மேடையில பேச வராதுங்க" என்றாள் வானதி. தையல் மிஷினில் யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்குப் பேசணும்? கும்புடு, அது போதும்."

கும்பிட்டாள். ஜெயித்தாள். வார்டுப் பெண்கள் எல்லோருமே அவளிடம் துணி கொடுத்தவர்கள்தான். கட்சியைப் பார்க்காமல் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மாலையும் சால்வையும் ராஜ்குமார் கழுத்தில்தான் விழுந்தன. கவுன்சிலர் என்று ஊரில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். பேரூராட்சிக் கூட்டத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். தலைவர் கோவிந்தராசு ஏதாவது கேட்டால் அவன் பதில் சொல்வான். கையைத் தூக்க வேண்டிய இடத்தில் லேசாகச் செருமுவான், அவள் தூக்குவாள்.

அப்படி இருந்தவள் ஒருநாள் தானாக எழுந்து பேசினாள். அதற்கு முந்தின வாரம் அவள் தெருவில் ஒரு கருமாதிச் சாப்பாடு. ஐப்பசி மழை. தெருவை அடைத்துப் போட்டிருந்த பந்தல் கிழிந்து, இலையில் விழுந்த சாம்பாரோடு மழைத்தண்ணீரும் ஓடியது. ஒரு கையில் குடையும் ஒரு கையில் இலையுமாக எழுந்து நின்றவர்களைப் பார்த்தபடி செத்தவரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அது வானதியின் மனதை விட்டுப் போகவில்லை.

"எங்க வார்டுக்கு ஒரு சமுதாயக் கூடம் வேணும். நல்லது கெட்டது நடத்த எங்களுக்கு இடமே இல்ல" என்றாள்.

கோவிந்தராசு அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். "என்னப்பா, வீட்டுல வாய் வந்துடுச்சு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜ்குமாரும் சிரித்தான். ஆனால் யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. அவனே அலைந்து திரிந்து, தலைவரைக் கரைத்து, கூடத்துக்கு அனுமதி வாங்கினான். ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்தது. வேலையை எடுத்துச் செய்தது அவன்தான் என்பது ஊருக்கே தெரியும்.

வானதிக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. சொந்த வீடு எழும்புவது மாதிரிதான் அவள் தினமும் போய்ப் பார்த்தாள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ கொண்டுபோனாள். முகப்பில் பத்துப் பேர் நிற்கிற மாதிரி ஒரு போர்டிகோ வேண்டும், செருப்பு விடவும் வெயிலுக்கு ஒதுங்கவும் ஆகும் என்று கேட்டவளும் அவள்தான். ராஜ்குமார் மறுக்காமல் சேர்த்தான்.

ஆவணியில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். போர்டிகோவுக்குத் தளம் போட்டு அதிக நாள் ஆகவில்லை. அடியில் முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கச் சொன்னான் ராஜ்குமார். கொத்தனார் தயங்கினார்.

"இன்னும் கொஞ்ச நாள் விடணுங்க. உள்ள இன்னும் இறுகல."

"பலகையோட திறப்பு விழா நடத்தச் சொல்றியா? பிரிய்யா."

வானதி டீத் தூக்கோடு பக்கத்தில் நின்றிருந்தாள். கேட்டாள். கட்டட விஷயம் ஆம்பளைகளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். விழாவில் கல்வெட்டுத் திரையை விலக்கியபோது அவள் பெயர் நாலாவது வரியில் இருந்தது. அன்று ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

முதல் மழையிலேயே போர்டிகோ ஒழுகியது. அதைச் சொல்லிக்கொண்டு வந்தவள் மங்களாம்பிகை. எதிர்த் தெருக்காரி, மகளிர் குழுத் தலைவி. கணவன் இல்லை. நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஒரே மகள் செம்மொழியை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தவள்.

"வானதி, போர்டிகோ நடுவுல தொங்குறாப்ல இருக்கும்மா. கீத்து விட்டிருக்கு. என் கட்டை விரல் உள்ள போவுது. ஒரு எட்டு வந்து பாரு."

வானதி போய்ப் பார்த்தாள். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவரில் துருக்கறை இழுத்திருந்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

"புதுக் கட்டடம்னா அப்படித்தான் விடும். பூசிடலாம். நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றான். சொன்னபடி ஆள் விட்டுப் பூசினான். மேலே பச்சைப் பெயின்ட் அடித்தான். மங்களாம்பிகை மறுபடி வந்தபோது, "அதான் சரி பண்ணியாச்சேக்கா" என்றாள் வானதி. அவளும் சரி என்று போய்விட்டாள்.

காணும் பொங்கலன்று கூடத்தின் வாசலில் விளையாட்டு விழா. கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், பிள்ளைகளுக்கு லெமன் ஸ்பூன். பந்தலும் மைக் செட்டும் அப்துல் ரஹ்மானுடையவை. ஊரில் எந்தச் சாதி, எந்த மத விசேஷமானாலும் அவர் பந்தல்தான். புதுத் தரையைத் தோண்ட வேண்டாமென்று வானதி கேட்டுக்கொண்டதால், டிரம்களில் மணலை நிரப்பி அதில் சவுக்குக் கம்புகளை நட்டிருந்தார். கட்டடத்தில் ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. "புதுச் சுவத்துல ஆணி அடிச்சா உங்க மனசு தாங்காதுங்க கவுன்சிலரம்மா" என்று சிரித்தார்.

செம்மொழி திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்திருந்தாள். குரல் நன்றாக இருக்கும் என்று மைக்கை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மத்தியான வெயிலில் முகமெல்லாம் வியர்க்க, கோலப் போட்டியில் ஜெயித்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல நிக்காதடி. உள்ள தள்ளி நிழல்ல நின்னு படி" என்றாள் வானதி.

செம்மொழி நாலு எட்டு பின்னால் போய் போர்டிகோவுக்கு அடியில் நின்றாள். இரண்டாம் பரிசு என்று சொல்லி, பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு புழுதி. மைக் மட்டும் எங்கோ கிடந்து கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. முதலில் ஓடியவர் அப்துல் ரஹ்மான். சிமென்ட் பாளத்தை வெறும் கையால் தூக்கப் பார்த்தார். கம்பி கிழித்து இடது கை விரல்கள் தொங்கின. அப்போதும் விடவில்லை. ஆட்கள் சேர்ந்து நெம்பி எடுத்தபோது செம்மொழி உயிரோடு இல்லை. மங்களாம்பிகை அருகில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் தலைமுடியிலிருந்து சிமென்ட் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்தும் அவளை எழுப்ப முடியவில்லை.

அன்று சாயங்காலமே கோவிந்தராசு ராஜ்குமார் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வானதி காபி கொண்டுபோய் வைத்தாள்.

"பந்தல்காரன் கயித்தப் போர்டிகோவுல கட்டி இழுத்திருக்கான். அந்தப் பாரந்தான். அப்படித்தான் எல்லாரும் சொல்லணும்" என்றார் தலைவர்.

"அவர் கட்டலீங்களே. டிரம்முலதானே" என்றாள் வானதி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "நீ உள்ள போ" என்றான் ராஜ்குமார்.

அவள் உள்ளே போனாள். அப்துல் ரஹ்மானைக் கட்டுப்போட்ட கையோடு போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி ஆசியா வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. அவரு கட்டலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. அவருக்கு சுகர் வேற இருக்கு."

வானதி வாய் திறக்குமுன் ராஜ்குமார் வெளியே வந்து, விசாரணை நடக்குது, இப்படியெல்லாம் வரக்கூடாதும்மா என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினான். ஆசியா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வானதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் அரவிந்தன் கல்லூரியில் படிக்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் அப்பா ஜெயிலுக்குப் போவார். அதை நினைத்து நினைத்து நாட்களை ஓட்டினாள்.  மிஷினில் உட்கார்ந்தால் செம்மொழிக்குத் தைத்த சுடிதார்கள் நினைவுக்கு வந்தன.

செம்மொழியின் கருமாதிக்கு வானதியும் போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மங்களாம்பிகை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வானதி அருகில் போய் உட்கார்ந்து அவள் கையைத் தொட்டாள்.

"உங்கிட்டதானே வானதி சொன்னேன்" என்றாள் மங்களாம்பிகை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ரெண்டு தடவ வந்து சொன்னேனே."

கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

கோட்டாட்சியர் விசாரணை பேரூராட்சிக் கூட்ட அறையிலேயே நடந்தது. ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்ததால் ராஜ்குமாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் நாற்காலி இல்லாத முதல் நாள் அது. பந்தல் கயிறு கட்டடத்தில் கட்டப்பட்டிருந்ததா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க. டிரம்முல மணல் ரொப்பித்தான் நட்டிருந்தாரு. நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்."

பிறகு அவர் கேட்காததையும் சொன்னாள். தளம் இறுகுமுன் பலகையைப் பிரித்தது, கொத்தனார் வேண்டாமென்றது, விரிசல், அதன் மேல் பூச்சு, வேலையைச் செய்தது யார் என்பது, எல்லாவற்றையும். "எனக்குத் தெரியும். மங்களாம்பிகை அக்கா சொன்னாங்க, நானும் பாத்தேன். அந்தப் பொண்ண நிழல்ல போய் நில்லுன்னு சொன்னதும் நான்தான்."

அதிகாரி கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

உடைந்த தளத்தைப் பரிசோதித்த இன்ஜினியர்கள், போட வேண்டிய கம்பியில் பாதிகூட இல்லை என்றார்கள். ராஜ்குமாரையும் ஒப்பந்தக்காரரையும் கைது செய்தார்கள். பிறகு ஜாமீனில் விட்டார்கள். அப்துல் ரஹ்மான் பெயரை வழக்கிலிருந்து எடுத்தார்கள். கோவிந்தராசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அவர்தான் தலைவர்.

ஜாமீனில் வந்த ராஜ்குமார் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. தையல் மிஷினைத் தூக்கி வாசலில் வைத்தான். "இதுதானே உன்னோடது" என்றான். அரவிந்தன் ஒரே ஒரு முறை போன் செய்தான். "அப்பாவ ஜெயில்ல பாக்கணும்னு எத்தனை நாளாம்மா ஆசை?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டான். பின்தெருவில் ஒற்றை அறை ஒன்றில் இப்போது இருக்கிறாள். அவளைத் தைரியசாலி என்று சிலர் சொல்கிறார்கள். புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மங்களாம்பிகை அவளை எதிரில் கண்டால் தெருவின் மறுபக்கம் ஒதுங்கிப் போகிறாள்.

அப்துல் ரஹ்மான் ஊரைவிட்டே போய்விட்டார். ஒரு பெண்ணின் சாவோடு பெயர் ஒட்டிக்கொண்டபின், குற்றமில்லை என்று அரசாங்கமே சொன்னாலும், கல்யாணத்துக்கு அவர் பந்தலைப் போட யாரும் துணியவில்லை. முத்துப்பேட்டையில் மச்சானுடைய ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, பட்டுக்கோட்டை வழியாக பஸ் மாறி மாறிப் போனாள் வானதி.

மீன் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தார். இன்னொரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"மன்னிச்சுக்கங்க பாய். முதல் நாளே நான் சொல்லியிருக்கணும்."

 ஐஸ் உடைக்கும் சத்தம் நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"நீங்க சொன்னதாலதான் வெளிய வந்தேன். நன்றி சொல்லணும்னுதான் நெனைக்கிறேன், கவுன்சிலரம்மா. ஆனா வாய் வரமாட்டேங்குது. உள்ள இருந்தப்ப எம் பொஞ்சாதி உங்க வீட்டு வாசல்ல நின்னுட்டு வந்தத அவ எங்கிட்ட சொன்னா. அதுதான் திரும்பத் திரும்ப வருது."

"ஆசியா இருக்காங்களா?"

"இருக்கா. வரமாட்டா. தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை கூடவே இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்று வழி சொன்னார். 

வழக்கு தஞ்சாவூர் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தா நாட்களில் எங்கள் ஊரிலிருந்து கோர்ட் நேரத்துக்குப் போகிற பஸ் ஒன்றுதான். ராஜ்குமார் முன்வாசலில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருகிறான். வானதி பின்வாசலில் ஏறுகிறாள். கண்டக்டர் புதிது; இருவரும் கணவன் மனைவி என்று அவருக்குத் தெரியாது. அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி போகிறார்கள்.