சம்பந்தியம்மா சாப்பிட்டாச்சா?

அண்ணன் மகனுக்கு பிரான்சில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், கல்யாணம் பேச அவளையும் அவள் அம்மாவையும் பேரையூருக்கு அழைத்து வருவதாகச் சொன்னான். அண்ணன் உடனே எனக்குப் போன் போட்டார்.

"அவன் ஒருத்தன் ரெண்டு பக்கமும் எம்புட்டுத்தான் பேசுவான்? அந்தம்மாவுக்கு இங்கிலீஷும் அரைகுறையாம். நீதானே ஆபீஸ்ல இருக்கவ, நாலு வார்த்தை கத்துக்க."

இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்ப்பதற்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தமோ, நானும் மதுரை பசுமலையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். டீச்சருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும்.

"மொதல்ல என்ன பேசணும்க்கா?" என்றாள்.

"வந்தவங்ககிட்ட சாப்பிட்டீங்களான்னுதான் மிஸ் கேக்கணும்."

அது நடந்து முடிந்த காரியமாம். அதைச் சொல்ல வினைக்கு முன்னால் ஒரு துணைவினை வேண்டுமாம். பெரும்பாலும் 'அவ்வார்', அதாவது வைத்திருத்தல். போனது, வந்தது, பிறந்தது, செத்தது போன்ற சிலதுக்கு மட்டும் 'எத்ர்', அதாவது இருத்தல்.

"சாப்பிட்டதை எப்படி மிஸ் வச்சிருக்க முடியும்?"

"வயித்துல வச்சிருக்கோம்னு ஞாபகம் வச்சுக்கங்க. வூ ஸாவே மான்ஜே. சொல்லுங்க."

இரண்டு மாதம் பஸ்ஸிலும் அடுப்படியிலும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் வந்த அன்று அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, தெருவே கூடியிருந்தது. காரிலிருந்து இறங்கிய பெண்ணின் அம்மாவுக்கு வெயிலில் முகம் சிவந்திருந்தது. அண்ணன் என்னை முன்னால் தள்ளினார். "வந்தீங்களா" என்பதை ஒழுங்காக, எத்ர் போட்டுக் கேட்டுவிட்டேன். அந்தம்மா முகம் மலர்ந்தது. அந்தத் தெம்பில் அதே எத்ரை அடுத்ததற்கும் போட்டேன்.

"வூ ஸெத் மான்ஜே?"

அண்ணன் மகன் காருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டான். அந்தம்மா தன் இரண்டு கைகளையும் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அமைதியாக, "பா ஸான்கோர்" என்றார். இன்னும் இல்லை.

அப்படியானால் பசியோடு இருக்கிறார் என்று நான் உள்ளே ஓடி இலை போட்டேன். சாம்பார் ஊற்றும்போதுதான் அண்ணன் மகன் காதருகே வந்தான்.

"அத்த, அவங்கள யாராச்சும் தின்னுட்டாங்களான்னு கேட்டுட்டீங்க."

நான் வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பியதில், சாம்பார் இலை தாண்டி ஓடியது. அந்தம்மா அதைத் தன் பக்கமாக வழித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். விவரம் தெரியாத அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வடை வைத்தார். கல்யாணத்துக்கு நாள் குறித்தது அதற்குப் பிறகுதான். அதுவரை யாருக்கும் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே தெரியாமல் இருந்தது.

மறுநாள் மதுரைக்குத் திரும்பி, வந்து சேர்ந்தேன் என்று பிரெஞ்சில் அந்தம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். துணைவினையை மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன். பதிலில் என் வாக்கியத்தையே திருப்பி அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு 'e' மட்டும் கூடியிருந்தது. அதன் கீழே இங்கிலீஷில், "எத்ர் போட்டால் இது வேண்டும். நீங்கள் பெண் அல்லவா?"