கூட்டத்தில் எழுந்து நின்ற நல்லசிவம் அண்ணன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். என் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். ஒரு கையில் டாக்டர் சீட்டும் மறு கையில் மாத்திரை அட்டையுமாக நின்றிருந்தபோது நல்லசிவம் அண்ணனின் மருமகள் மைதிலியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மாமா போயிட்டாருங்க. கால் மணி நேரம் ஆச்சு. கண்ணுக்குச் சொல்லிப்போடுங்க. ஃபேனை நிறுத்திட்டேன். தலைக்கு ரெண்டு தலகாணி வெச்சு, பஞ்சை நனைச்சுக் கண்ணு மேல போட்டிருக்கறேன்."

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள்.

எங்கள் சங்கத்தில் கண்தானப் பொறுப்பு என்னுடையது. ஆகவே அவர் மறைந்த செய்தி எனக்கு முதலில் ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. சேலத்துக் கண் வங்கிக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வழி சொன்னேன். இறப்புச் சான்றுக்கு டாக்டரை அனுப்ப ஏற்பாடு செய்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான், இனி வியாழக்கிழமைக் கூட்டங்களில் முன்வரிசையில் அவருடைய குரல் கேட்காது என்பது எனக்கு உறைத்தது.

திருச்செங்கோட்டில் ஒரு ஓட்டல் மாடியில் வாராவாரம் வியாழன் மாலை கூடும் எங்கள் சேவைச் சங்கத்தை அறிந்தவர்கள் அந்தக் குரலையும் அறிவார்கள். இளவயதில் ரிக் வண்டியோடு வடக்கே போய், ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆழ்துளைக் கிணறு போட்டவர் அவர். பிறகு ஊர் திரும்பி, சங்ககிரி ரோட்டில் கம்ப்ரஸர் பழுது பார்க்கும் பட்டறை வைத்தார். கம்ப்ரஸர் இரைச்சலில் அவருடைய வலது காது போய்விட்டது. கூட்டத்துக்கு வரும் பேச்சாளர் மெல்லப் பேசினால் முன்வரிசையிலிருந்து கை உயரும். "கொஞ்சம் சத்தமா பேசுங்க சார். என்ற ஒரு காது ராஜஸ்தான்லயே நின்னுபோச்சு." விருந்தினர் சிரித்துவிடுவார். அதற்குப் பிறகு பேச்சும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

அந்தச் சங்கத்தில் நான் முதல் பெண் உறுப்பினர். முதல் நாள் மணியடித்துக் கூட்டம் தொடங்கியதும் அப்போதைய தலைவர், "இன்னிக்குப் பிரார்த்தனையை நம்ம சகோதரி பாடுவாங்க" என்று அறிவித்துவிட்டார். எனக்குப் பாட்டு வராது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தேன். நல்லசிவம் அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "தலைவரே, அம்மிணி பாட வரலீங்க, மெம்பரா வந்திருக்காங்க. வழக்கம்போல நீங்களே பாடுங்க" என்றார். தலைவர் பாடினார். அவருக்கும் பாட்டு வராது. அன்றைய சிரிப்பில் எனக்கு அந்த அறை பழகிவிட்டது.

அடுத்த வாரம் டீ இடைவேளையில் அண்ணன் என்னிடம் வந்தார். "கண்ணு வாங்கப் போற எடத்துக்கு நீங்களும் வாரீங்களா அம்மிணி? நாங்க ஆம்பளைங்க வாசல்ல நின்னு ஆம்பளைங்ககிட்டயே பேசிட்டு வாரோம். ஊட்டுக்குள்ள இருக்கறவங்க என்ன நெனைக்கறாங்கன்னே தெரியறதில்லை." அப்படித்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன்.

இன்று அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அவருடைய பொறுமையைச் சொல்கிறார்கள். நான் முதலில் பார்த்த நல்லசிவம் அண்ணன் பொறுமைசாலி அல்ல. கண் கேட்டுப் போகும் இடத்தில் ஏறக்குறையச் சண்டை போடுவார். மல்லசமுத்திரத்தில் ஒரு விசைத்தறிக்காரர் இறந்தபோது மகன் முடியாது என்றுவிட்டார். அண்ணன் விடவில்லை. துக்கத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் முன்னால், "எரிச்சு சாம்பலாக்கப் போறீங்க. அதுக்கு முந்தி ரெண்டு பேரு பொழைச்சுப் போகட்டுமே. படிச்ச புள்ளை நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க?" என்று கேட்டார். எல்லோரும் பார்க்க, அந்த மகன் தலை குனிந்து கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது காரில் அண்ணனுக்கு ஒரே உற்சாகம். என்னால் அதில் சேர முடியவில்லை. "அண்ணா, அந்தப் பையனோட அம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலைங்க" என்றேன்.

"நாளைக்கு ரெண்டு பேருக்குப் பார்வை வரும் அம்மிணி. அவங்களும் புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

அவருடைய மனைவி சரோஜா அக்கா, மாரடைப்பில் ஒரு மத்தியான வேளையில் காலமானார். சங்கத்தின் குடும்ப விழா ஒன்றில் கணவருக்கு முன்பே பேனாவை வாங்கிக் கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். அதனால் அந்த வீட்டில் கேட்க வேண்டியது எதுவும் இல்லை என்றே நினைத்தேன். கண் வங்கி வண்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். உள்ளே அக்காவின் தங்கை பூங்கொடி, அக்காவின் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கக்கா கண்ணுல யாராச்சும் கை வெச்சீங்கன்னா நான் இங்கேயே செத்துருவேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அருகே வந்தார். "வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லிருங்க அம்மிணி."

"அண்ணா, அக்கா ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் பூங்கொடிகிட்டப் பேசிப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாம். திரும்பிப் போகச் சொல்லுங்க."

வண்டி அதற்குள் சங்ககிரியைத் தாண்டியிருந்தது. டிரைவருக்குப் போன் செய்து திரும்பிப் போகச் சொன்னேன். அண்ணன் மீது எனக்குக் கோபம் இருந்தது. எத்தனையோ வீடுகளில் அழுகைக்கு நடுவே பேசி வாங்கியவர், தன் வீட்டில் மனைவியின் விருப்பத்தையே விட்டுக்கொடுத்துவிட்டாரே என்ற கோபம். அதை அவரிடம் காட்டாமல் மறைத்துக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்து அவர் மறுபடி கூட்டத்துக்கு வந்த வியாழக்கிழமையை அன்று அங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதச் செய்திமடலில், சரோஜா அக்காவின் கண்கள் இருவருக்குப் பார்வை தந்தன என்று அச்சாகிவிட்டது. படிவத்தில் பெயர் இருந்ததால் நடந்திருக்கும் என்று யாரோ எழுதிவிட்டார்கள். தலைவர் அதை மைக்கில் உருக்கமாக வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது உண்மையல்ல என்று அந்த மாடியில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரும் நானும். துக்கத்தில் இருப்பவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கைகளும் தட்டின.

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவர் மட்டும் எழுந்து நின்றார். மைக் கேட்கவில்லை.

"அது நடக்கலீங்க" என்றார். "சரோஜா கண்ணு அவளோடயே போயிருச்சு. அவ குடுக்கச் சொல்லித்தான் எழுதி வெச்சா. நான்தான் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். கொழுந்தியா அழுதான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா அது முழுசும் நெசமில்லீங்க. எனக்கே மனசு வரலை. அவ மூஞ்சியைப் பார்த்ததும், அவளை யாரும் தொட வேண்டாம்னு இருந்துச்சு. எத்தனை ஊட்டுல நான் போயி அதட்டிக் கேட்டிருக்கறேன்! அவங்களுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? எனக்கு அது அன்னிக்குத்தான் தெரிஞ்சுதுங்க. இந்தப் பொறுப்புல இருந்து என்னைய விட்ருங்க."

பரிமாற வந்த ஓட்டல்காரர்கூடக் கதவருகே நின்றுவிட்டார். பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், "அண்ணா, உங்க மனசு புரியுது. ஆனா இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கண்ணு குடுப்பாங்க? அச்சானது அச்சானபடியே இருக்கட்டுமே" என்றார்.

"பொய்யைச் சொல்லி வாங்கற கண்ணு நமக்கு வேண்டாமுங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அடுத்த இதழில் திருத்தம் வெளியானது. பொறுப்பு எனக்கு மாறியது.

படி இறங்கும்போது நான் அவர் கூடவே போய், "அன்னிக்கு நீங்க செஞ்சதுல தப்பில்லைங்கண்ணா" என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். உடனே தடுத்துவிட்டார். "அவ வார்த்தையை நான் காப்பாத்தலை அம்மிணி. அதுக்குச் சமாதானம் சொல்லாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்." என் மனதில் கோபம் இருந்ததை அவர் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் அந்தப் படிகளிலேயே கரைந்தது.

பத்து நாள் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு மல்லசமுத்திரம் போனார். விசைத்தறிக்காரரின் மனைவி எங்களை அடையாளம் கண்டு பாய் விரித்தார். அண்ணன் உட்காரவில்லை. "அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் உங்க பையனைக் கூச்சப்பட வெச்சுக் கையெழுத்து வாங்கினேன். தப்புங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

அந்த அம்மாள் விரித்த பாயின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு, "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுக்கச் சொல்லியிருப்பேன் சாமி" என்றார். "அவரு நல்ல மனுசன். குடுத்திருப்பாரு. யாருமே என்ற பக்கம் திரும்பலையே."



அதன் பிறகு பெயருக்குத்தான் பொறுப்பாளர் நான். கார் ஓட்ட வருகிறேன் என்று சொல்லி எல்லா வீடுகளுக்கும் அவர் வந்தார். போனதும் கேட்கமாட்டார். துக்கம் விசாரித்து உட்காருவார். இறந்தவருக்கு மிக நெருங்கியவர் யார் என்று பார்ப்பார். பெரும்பாலும் அது மனைவியாகவோ தாயாகவோ மூலையில் இருக்கும் ஒருத்தராகவோ இருக்கும். அவர் பக்கத்தில் போய், தன் காது கேளாமையை மறந்து, முடிந்தவரை மெல்லிய குரலில் கேட்பார். "ஒண்ணு கேக்கறனுங்க. வேண்டாம்னாலும் சரிங்க. வேண்டாம்னு சொன்னாலும் நாங்க இங்கதான் இருப்போம்."

சொன்னபடி இருப்பார். மறுத்த வீட்டில்தான் கூடுதல் நேரம் இருப்பார். ஐஸ் பெட்டிக்குப் போன் செய்வார், பந்தல்காரரிடம் பேசுவார், வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிவருவார். சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "இப்படிக் கேட்டா எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க" என்று ஒரு வியாழக்கிழமை விவாதமே நடந்தது. அப்படிச் சில மாதங்கள் நடக்கவும் செய்தது. நானே தயங்கினேன். அவர் மட்டும் மாறவில்லை.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருந்த கடைசி ஆண்டிலும் வாரம் தவறாமல் மாடிப்படி ஏறி வந்தார். அந்த நாட்களில் வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். "என்ற கண்ணைக் குடுக்கோணும்னு எனக்கு ஆசை. ஆனா அந்த நேரத்துல கிட்ட நிக்கப் போறது நீங்க. உங்களால முடியலைன்னா விட்ருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று மகனிடமும் மைதிலியிடமும் சொன்னாராம். பூங்கொடியையும் வரவழைத்துக் கேட்டாராம். பூங்கொடி பாதியில் எழுந்து போய்விட்டதாக மைதிலி சொன்னாள்.

ஆகவே அண்ணன் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை கண் வங்கிக்காரர்கள் அறைக்குள் போனபோது, பூங்கொடி ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்து நான் பயந்து எழுந்தேன். அவர் உள்ளே போகவில்லை. முருங்கை மரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு பூங்கொடி உள்ளே போய் அண்ணன் முகத்தைக் குனிந்து பார்த்தார். "அப்படியேதான் இருக்காரு" என்றார். "தூங்கற மாதிரியே இருக்காரே. அன்னிக்கு எங்கக்காவுக்கும்..." நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதது அன்று இறந்தவருக்காக மட்டும் இல்லை.

அண்ணன் அன்று வண்டியைத் திருப்பி அனுப்பியது சரியா தவறா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. சரோஜா அக்காவின் விருப்பம் நிறைவேறவில்லை என்பது உண்மை. அதனால் பார்வை கிடைக்காமல் போன யாரோ இருவர் இருந்திருப்பார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் அவர் ஒருநாளும் மறைத்ததில்லை, மறந்ததும் இல்லை. நாற்பது பேர் கைதட்டும்போது அது தனக்கு உரியதல்ல என்று எழுந்து சொல்ல ஒரு மனிதரால் முடிந்தது. அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொண்ட நான் அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முயல்கிறேன். இன்னும் முழுதாக வரவில்லை.

போன சனிக்கிழமை எடப்பாடிப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தனியாகப் போனேன். லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்திருந்தார். மனைவிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் கேட்பதுபோலவே கேட்டேன். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன். அவளுடைய அம்மா மேச்சேரியிலிருந்து வரும் வரை அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டனேங்க. நீங்க இன்னும் போகலீங்களா?"

"இல்லை சாமி" என்றேன். "இருக்கறேன்."