நான் வீட்டை விட்டுப் போன செய்தி

முப்பது வருஷத்துக்கு முன்னால், தேவிகுளம் தாலுகாவில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. என் கணவர் அங்கே கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிறவர்கள் கூடவே மலையில் நின்று வேலை வாங்குகிற உத்தியோகம். கோவில்பட்டிப் பக்கத்து வெயிலில் வளர்ந்த நான், கல்யாணமான கையோடு அந்தக் குளிருக்குள் போய் விழுந்தேன். அப்போது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

குவார்ட்டர்ஸ் என்று ஐந்து வீடுகள், மேட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. கீழே முதல் வீடு ஹெட் கிளார்க்குடையது. கடைசி வீடு எங்களுடையது. அதற்கு மேலே காடும் மூடுபனியும்தான். என் கணவர் விடிவதற்கு முன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்தாலும் பேச்சு கிடையாது. வெந்நீர், சோறு, குடை, இந்த மூன்று வார்த்தைக்குள் எங்கள் குடித்தனம் அடங்கிவிடும். நானோ வாய் ஓயாமல் பேசுகிற வீட்டிலிருந்து போனவள்.

எனக்குத் துணையென்று இருந்தது பேப்பர்தான். மதுரையிலிருந்து வருகிற தமிழ்ப் பேப்பருக்கு ஹெட் கிளார்க் சந்தா கட்டியிருந்தார். அவர் வீட்டில் படித்து முடித்ததும் அடுத்த வீடு, அப்புறம் அதற்கடுத்த வீடு என்று உத்தியோகப்படி மேலே ஏறி வரும். எங்களிடம் வந்து சேரும்போது அதில் ஹெட் கிளார்க்கின் காப்பித் தம்ளர் வட்டம் இருக்கும், தேயிலை ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் வீட்டுப் பிள்ளைகள் தலைவர்களுக்கெல்லாம் மீசை வரைந்திருப்பார்கள், கம்பவுண்டர் வீட்டுப் பெருங்காய வாசனையும் அடிக்கும். செய்தியெல்லாம் ஆறிப்போயிருக்கும். ஆனால் கடைசி வீட்டுக்கு ஒரு பாத்தியதை உண்டு. பேப்பர் அதற்குமேல் எங்கும் போகாது, எனக்கே சொந்தம். பலகைச் சுவரின் இடுக்கு வழியாக ஊசிபோல் காற்று வரும். கஞ்சிப் பசை காய்ச்சி, படித்த பேப்பரைச் சுவரில் ஒட்டிவிடுவேன். பகலெல்லாம் என் சுவரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பிடித்தது பெரிய செய்திகள் அல்ல. மூலையில் பொடி எழுத்தில் வருமே, அந்தச் சொந்தச் சண்டைகள். 'என் மகன் துர்ச்சகவாசத்தால் கெட்டுவிட்டான், அவனை நம்ப வேண்டாம்' என்று ஒரு தகப்பன். அடுத்த வாரம் 'என் தகப்பனார் சொல்வது முழுப் பொய்' என்று அதே மகன். இந்த ருசியை எனக்குப் பழக்கியதே என் அண்ணன்தான். அவர் ஊரில் தையல் கடை வைத்திருந்தார். மாலையில் கடைக்கு முன்னால் பத்துப் பேர் கூடுவார்கள். அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு, இந்த அறிவிப்புகளை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நானும் சிரிப்பேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு அண்ணன் ஒருவர்தான் எல்லாம்.

என் அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவரில் அப்படி ஒரு அறிவிப்பு இருந்தது. யாரோ ஒருவர், தம் மனைவி அடங்காமல் வீட்டை விட்டுப் போய்விட்டதாகவும், அவளுக்கு யாரும் சோறு கொடுக்க வேண்டாம் என்றும் போட்டிருந்தார். எத்தனை தரம் படித்திருப்பேனோ. அடங்காப்பிடாரியாகத்தான் இருந்திருப்பாள் என்று தீர்ப்பும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் என் கணவர் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அவருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றார். நான் தனியாக இருந்தேன். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகுதான் மலையே என்னோடு பேசுவதை நிறுத்தியதுபோல் ஆகிவிட்டது.

காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் என் வாசலில் நின்று, "கணக்கப்பிள்ளையம்மா, வெந்நி இருக்கா?" என்று கேட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு நாலு வார்த்தை பேசிப் போவார்கள். அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். என்னைக் கண்டதும் பேச்சு அடங்கிவிடும். தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார்கள். ஹெட் கிளார்க் ஒருநாள் மேடேறி வந்தார். முற்றத்தில் நின்றார், இருமினார், கூரையைப் பார்த்தார். ஊரிலிருந்து கடுதாசி வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இதைச் சொல்லவா இவ்வளவு மேடு ஏறினார் என்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. விடிந்து கதவைத் திறந்தால் வாசற்படியில் ஏதாவது இருக்கும். ஒருநாள் கீரைக்கட்டு, ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு, ஒருநாள் இலையில் பொதிந்த அவித்த மொச்சை. யார் வைத்தது என்று தெரியாது. கூப்பிட்டுக் கொடுத்தால் என்ன, வாய் வலிக்குமா என்று எரிச்சல்தான் வந்தது. கீரையைவிட எனக்கு ஒரு வார்த்தை பெரிதாக இருந்தது. மத்தியானம் பனி இறங்கி எதிர்மலை மறைந்துபோனால், உலகத்தில் நானும் என் சுவருமாக மட்டும் மிச்சமானது போலிருக்கும். ஒரு நாள் முழுக்க என் குரலையே நான் கேட்காமல், சாயங்காலம் கோழியைக் கூப்பிடும்போது திடுக்கிட்டிருக்கிறேன்.

பேப்பரிலும் ஏதோ கோளாறு. எல்லோரும் வாயை மூடிக்கொண்ட அந்தச் சமயத்தில்தான் ஒன்று நடுத்தாள் இல்லாமல் வந்திருந்தது. நான் எதை விட்டாலும் என் பாத்தியதையை விடமாட்டேனே. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராக வேலிக்குப் போய்க் கம்பவுண்டர் வீட்டு மாமியைக் கூப்பிட்டேன். அவர்கள் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர்கள். மாமிக்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். ஆசாரம் அதிகம், என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நன்றாகப் பேசுவார்கள். அவர்களும் சில நாளாக வேலிப் பக்கமே வரவில்லை. மருந்துப் பொடி மடிக்க வேறு காகிதம் கிடைக்கவில்லையா, எனக்கு வர வேண்டியதைக் கிழித்து எடுத்தால் நியாயமா என்று கொட்டித் தீர்த்தேன். அவ்வளவு நாள் பேசாமல் இருந்த பேச்சையெல்லாம் சேர்த்துத்தான் கொட்டினேன் என்று நினைக்கிறேன்.

மாமிக்குக் கண் நிரம்பிவிட்டது. உள்ளே போய், ஒரு தாளை நாலாக மடித்து எடுத்துவந்து வேலிக்கு மேலே நீட்டினார்கள்.

"நான்தான் கிழிச்சேன். நீ படிக்கப்படாதுன்னு தோணித்து. யார் சொல்றதுன்னும் தெரியலை. எல்லாரும் நான் சொல்வேன்னு நெனச்சுண்டிருந்தா. நான் எப்படிச் சொல்வேன்?"

அங்கேயே நின்று பிரித்தேன். மூலையில் பொடி எழுத்து. என் பெயர், என் தகப்பனார் பெயர், ஊர், எல்லாம் சரியாக இருந்தன. நான் என் கணவர் சொல்லுக்குக் கீழ்ப்படியாமல், அவர் அனுமதியின்றி வீட்டை விட்டு வெளியேறிவிட்டேனாம். இன்று முதல் அவருக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாம். எனக்கு ஒருவரும் அன்னமோ இடமோ கொடுத்து ஆதரிக்க வேண்டாமாம். கீழே அவர் பெயர்.

நான் திரும்பி வீட்டைப் பார்த்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் அவருடைய சட்டை தொங்கியது. ஊரிலிருந்து வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று அன்று காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தேன். வீட்டை விட்டுப் போனவர் அவர். போனவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் நான். அவருக்கு அங்கே இன்னொரு கல்யாணம் பேசியிருந்தார்கள் என்பதும், பெண் வீட்டாருக்குக் காட்டத்தான் இந்த அறிவிப்பு என்பதும் பிற்பாடு தெரிந்தது. அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் நினைப்பு வந்துவிட்டது. அதே பேப்பர் அவர் கடைக்கும் வரும். பத்துப் பேர் காத்திருக்க, அவர் குரலை ஏற்றி இதை வாசிக்க ஆரம்பித்திருப்பார். என் பெயர் வந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? கணவர் போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும். நான் போய்ச் சேர உலகத்தில் அந்த ஒரு வாசல்தான் இருந்தது. அச்சில் வந்ததை அண்ணனும் நம்பிவிட்டால் எனக்கு அதுவும் இல்லை. நானே என் சுவரில் இருந்த பெண்ணைப் பற்றி நம்பினேனே!

அன்றைக்கே கடுதாசி எழுதித் தபாலில் சேர்த்தேன். நான் எங்கும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. தபால்காரர் மேட்டில் ஏறும்போதே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுவார். விஷயம் தெரிந்துவிட்டது என்றதும் பெண்கள் மறுபடியும் வாசலில் நின்றார்கள், மாமி வேலிக்கு வந்தார்கள். வாசற்படியில் வந்த கீரைக்கும் கிழங்குக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. ஆனால் அத்தனை பேர் பேசியும் என் தனிமை குறையவில்லை, கூடியது. அண்ணன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம், பனிக்குள் யாரோ ஒருவர் குடையில்லாமல் நனைந்துகொண்டே மேடேறி வந்தார். தாடி வளர்ந்து, செருப்பு அறுந்து, சட்டை மார்பில் குத்திய குண்டூசிகள் துருப்பிடித்து. ஆளைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் குண்டூசியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அண்ணன் முற்றத்திலேயே நின்றுவிட்டார். முறத்தோடு வாசலில் நின்ற என்னை நம்பாமல் பார்த்தார்.

"நீ இங்கனயா இருக்க?"

அதைச் சொல்லிவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

அண்ணன் அந்தப் பேப்பரைப் பாதி வாசிப்பில் மடித்து வைத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர். என் கடுதாசிகள் பூட்டிய கதவுக்குள் கிடந்திருக்கின்றன. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாகப் போயிருக்கிறார். மதுரையில் சத்திரம் சத்திரமாகத் தேடியிருக்கிறார். வழியிலிருந்த கிணறுகளைக்கூட எட்டிப் பார்த்தாராம். எங்கும் காணாமல், கடைசியில் என் கணவரின் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றுதான் போடி வழியாக மலை ஏறியிருக்கிறார்.

"முதல்லயே இங்கன வந்திருக்கலாம்லா அண்ணே" என்றேன்.

"நீ வீட்டை விட்டுப் போயிட்டன்னு போட்டிருந்தானே தாயி. வீட்டுல வந்து எவன் தேடுவான்?"

அவர் அச்சை நம்பினார்தான். ஆனால் நம்பிவிட்டும் என்னைத் தேடினார். போனவளாகவே இருந்தாலும் கண்டுபிடித்துக் கூட்டி வரவேண்டும் என்று தேடினார்.

பதில் அறிவிப்பு போட்டு அந்த மனுஷனைக் கிழித்துவிடுகிறேன் என்று அண்ணன் குதித்தார். ஹெட் கிளார்க்கும் எழுதித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். எந்தத் தையல் கடையிலோ யாரோ அதை ராகம் போட்டு வாசிக்க, பத்துப் பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மலையிறங்குகிற அன்று பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு, தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு எதிர்ச் சுவருக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பற்றிய அறிவிப்பைச் சுரண்டினேன். என் பசை கெட்டிப் பசை, லேசில் வரவில்லை. நேரமாகிறதே, இதை எதற்குச் சுரண்டுகிறாய் என்று அண்ணன் கேட்டார். அவளும் எங்கேயோ ஒரு வீட்டில் சோறு வடித்துக்கொண்டு, சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள் என்று அந்தக் கணம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கடைசி எழுத்து போகும்வரை சுரண்டிவிட்டுத்தான் புறப்பட்டேன். மாமி வேலியைத் தாண்டி வந்து, ஆசாரத்தையெல்லாம் மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாமி அந்தத் தாளை மறைத்தது சரியா தப்பா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் சில நாள் ஒரு மலை முழுக்கப் பேச ஆளில்லாமல் தவித்தேன். ஆனால் இன்றும் பேப்பரின் மூலையில் அப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தாளைக் கிழித்து வைத்துக்கொள்ள ஒரு பக்கத்து வீடும், தேடிக்கொண்டு மலையேறி வர ஒரு ஆளும் இருக்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றுகிறது.